வெயிலில் திரும்ப மறுத்த சாவி: 1998 பாக்ஸ்டரில் இக்னிஷன் ஸ்விட்ச் மாற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

வண்டி 1998-ஆம் ஆண்டு போர்ஷே பாக்ஸ்டர். 986 என்று சொல்லப்படும் முதல் தலைமுறை. இருக்கைகளுக்குப் பின்னால் 2.5 லிட்டர் ஆறு சிலிண்டர் என்ஜின், கையால் மாற்றும் கியர், வலப்பக்க ஸ்டியரிங். சென்னையில் தென்பகுதியில் ஓர் அடுக்ககத்தின் மூடிய நிறுத்தத்தில் நிற்கிறது. உரிமையாளர் அறுபதைத் தாண்டியவர். ஞாயிறு அதிகாலையில் ஈசிஆரில் மாமல்லபுரம் வரை ஒரு ஓட்டம், வார நடுவில் ஊருக்குள் ஒன்றிரண்டு தடவை, அவ்வளவுதான் அந்தக் காருக்கு வேலை.

ஏப்ரல் கடைசியில் கோளாறு தலைகாட்டியது. நண்பகல் நெரிசலில் ஏசி ப்ளோவர் திடீரென நின்றது. என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது, ரேடியோவும் பாடிக்கொண்டிருந்தது. வீட்டுக்கு வந்து வண்டியை அணைத்து மறுபடி போட்டால் ப்ளோவர் பழையபடி ஊதியது. மே மாதம் அக்னி நட்சத்திரத்தில் இது வாடிக்கையாகிவிட்டது. கூடவே இன்னொன்று: ஸ்டார்ட் ஆன பிறகும் சில சமயம் பின்னாலிருந்து ஒரு நொடிக்கு இரும்பு அரைபடும் ஓசை.

இந்தப் பட்டறைக்கு வருமுன் வண்டி இரண்டு இடங்கள் பார்த்திருந்தது. ஓரிடத்தில் பேட்டரி மாற்றினார்கள். அது ஐந்து ஆண்டுப் பழசு என்பதால் தவறு என்று சொல்ல முடியாது, ஆனால் கோளாறு போகவில்லை. அடுத்த இடத்தில் ப்ளோவரின் வேகக் கட்டுப்பாட்டுப் பகுதியை மாற்றினார்கள். இரண்டு வாரம் நன்றாக ஓடியது. அந்த இரண்டு வாரமும் மேகமூட்டம் என்பது பிறகுதான் கணக்கில் வந்தது. மூன்றாவது யோசனையாக, என்ஜினைச் சுற்றிக் கிளப்பும் செல்ஃப் மோட்டாரையே மாற்றிவிடலாம் என்றார்கள். என்ஜின் நடுவில் உட்கார்ந்திருக்கும் இந்த வண்டியில் செல்ஃபைக் கழற்றுவதே ஒரு பெரிய வேலை. அதற்கு ஒப்புக்கொள்ளுமுன் உரிமையாளர் இன்னொரு கருத்துக் கேட்க நினைத்தார். ஜூலை முதல் வாரத்தில் வண்டி இங்கே வந்தது.

கவனித்தவை

வந்த அன்று காலை 9 மணிக்கு எதுவுமே கெட்டுப்போகவில்லை. பத்து முறை ஸ்டார்ட் செய்தும் ப்ளோவர், வைப்பர், முகப்பு விளக்கு எல்லாம் ஒழுங்காக வேலை செய்தன. "எங்ககிட்ட வந்தா மட்டும் நல்லா ஓடும் சார், எல்லா வண்டியும் அப்படித்தான்" என்று மூத்த எலக்ட்ரீஷியன் சொல்லிவிட்டு, காரைக் கண்ணாடி ஏற்றி வெயிலில் இரண்டு மணி நேரம் நிறுத்தச் சொன்னார்.

பதினொன்றரைக்குக் கோளாறு தானே வந்தது. ஸ்டார்ட் ஆனதும் சாவியை விட்டால், அது ஸ்டார்ட் நிலையிலிருந்து ஆன் நிலைக்கு முழுதாகத் துள்ளித் திரும்பவில்லை. நடுவில் ஓரிடத்தில் சோம்பலாக நின்றது. அந்த நிலையில் ப்ளோவர் இல்லை, முகப்பு விளக்கு இல்லை, வைப்பர் இல்லை. சாவியை ஒற்றை விரலால் ஒரு நூல் அளவு பின்னுக்குத் தள்ளியதும் மூன்றும் ஒரே நேரத்தில் உயிர் பெற்றன.

மூன்று தனித்தனிச் சுமைகள் ஒன்றாகச் செத்து ஒன்றாகப் பிழைத்தால் அவை சந்திக்கும் இடத்தில்தான் தேட வேண்டும். ஜெர்மன் வண்டிகளில் அந்தச் சந்திப்புக்குத் தெளிவான பெயர் உண்டு. சாவி திருப்பும் இக்னிஷன் ஸ்விட்சுக்குப் பேட்டரியிலிருந்து நேரே வரும் கம்பி 30. சாவி ஆன் ஆனதும் மின்சாரம் கொடுக்கும் முனை 15. செல்ஃபுக்குக் கட்டளை போகும் முனை 50. இவற்றோடு எக்ஸ் என்று ஒரு முனை: ஆன் நிலையில் மின்சாரம் தரும், செல்ஃப் சுற்றும்போது மட்டும் துண்டித்துக்கொள்ளும். செல்ஃப் பேட்டரியை உறிஞ்சும் அந்த ஓரிரு நொடியில் ப்ளோவர், விளக்கு போன்ற கனமான சுமைகள் குறுக்கே வரக்கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. சாவி ஸ்டார்ட் பக்கமாகவே மிச்சம் நின்றால், செல்ஃப் இன்னும் சுற்றுகிறது என்றே எக்ஸ் முனை நினைத்துக்கொள்கிறது. ரேடியோ பாடிக்கொண்டிருந்ததும் இதனால்தான். அது எக்ஸ் வழியாக வருவதில்லை.

அரைபடும் ஓசைக்கும் இதே விளக்கம் பொருந்தியது: சாவியை விட்ட பிறகும் செல்ஃபுக்குக் கட்டளை போனால், ஓடும் என்ஜினோடு அது அரைபடும். ஆனாலும் பொருந்துவதை மட்டும் நம்பி ஸ்விட்ச் வாங்கினால் முதல் இரண்டு பட்டறைகள் செய்த அதே தவறுதான். ஆகவே அளந்தார்கள்.

அளந்தவை

முதலில் சார்ஜிங். இந்த மாடலில் பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டருக்கும் செல்ஃபுக்கும் இடையே ஓடும் தடித்த கேபிள் உள்ளுக்குள் அரித்துப்போவது பலரும் அறிந்த நோய். அதுவும் மின்கோளாறுகளை விதவிதமாகக் காட்டும். ஏசியும் விளக்கும் ஓட, பேட்டரி முனையில் 13.9 வோல்ட். செல்ஃப் சுற்றும்போது 10.6. இரண்டும் சரி. கேபிள் மேல் சந்தேகம் விலகியது.

பிறகு ஸ்விட்ச். அதன் இணைப்பானுக்குக் கை எட்டாது என்பதால் ஃப்யூஸ் பெட்டியில் அளந்தார்கள். ஐந்து மீட்டர் கம்பி ஒன்றை முன்பக்க டிக்கியில் உள்ள பேட்டரியின் பாசிட்டிவில் பிடித்து, ஜன்னல் வழியாக உள்ளே இழுத்து, மல்டிமீட்டரின் ஒரு முனையில் கோத்தார்கள். மறுமுனை 15-லிருந்து ஊட்டப்படும் ஒரு ஃப்யூஸில். சுமை ஓடும்போது இந்த இரண்டு இடங்களுக்கும் நடுவே எத்தனை வோல்ட் தொலைகிறது என்பதை மீட்டர் நேராகவே காட்டும். குளிர்ந்த நிலையில் 0.35. வெயிலில் வைத்த பிறகு சாவியை மெல்லப் பக்கவாட்டில் அசைத்தால் 1.5 வரை ஏறியது. 0.2-க்குமேல் போனாலே ஸ்விட்சின் தொடுமுனைகளைச் சந்தேகிப்பது இந்தப் பட்டறையின் வழக்கம்.

எக்ஸ் வழியாக வரும் ஃப்யூஸில் விடை இன்னும் வெளிப்படை. சாவி சோம்பி நிற்கையில் 0. விரலால் தள்ளினால் முழு வோல்ட்டேஜ். கடைசியாக, செல்ஃபுக்குப் போகும் மெல்லிய கம்பியில் நீண்ட ஒயருடன் சோதனை விளக்கை மாட்டி டேஷ்போர்டு மேல் வைத்தார்கள். என்ஜின் பிடித்து, சாவியை விட்ட பிறகும் விளக்கு ஒரு நொடிக்குமேல் எரிந்தது. செல்ஃப் குற்றமற்றது, அதற்கு விடுதலைக் கட்டளை தாமதமாக வந்துகொண்டிருந்தது.

இருக்கைக்கு அடியில் இருக்கும் அலாரம்-இம்மொபிலைசர் (சரியான சாவி இல்லாமல் என்ஜினைக் கிளம்பவிடாத காவல்) பெட்டியையும் ஒரு பார்வை பார்த்தார்கள். மடிப்புக் கூரையின் இரு ஓரத்திலும் உள்ள நீர்வடி துளைகள் இலையும் தூசியும் சேர்ந்து அடைத்துக்கொண்டால் மழைநீர் தரைவிரிப்புக்குள் இறங்கி இந்தப் பெட்டியைத்தான் முதலில் பிடிக்கும். கார்ப்பெட் உலர்ந்திருந்தது. துளைகளில் மட்டும் வேப்பம்பூச் சருகு, எடுத்துவிட்டார்கள்.

எடுத்த முடிவும் காரணமும்

நான்கு வழிகள் பேசப்பட்டன. பூட்டு, சாவி நுழையும் சிலிண்டர், ஸ்விட்ச் சேர்ந்த முழுத் தொகுப்பையும் மாற்றுவது. ஸ்விட்சின் மின்பகுதியை மட்டும் புதிதாக வாங்குவது. புதுப்பேட்டையில் பழைய பாகம் தேடுவது. எல்லாவற்றையும் தாண்டி ரிலேயும் புஷ் பட்டனும் போடுவது.

கடைசி யோசனை உரிமையாளரின் உறவினருடையது. மறுத்துவிட்டார்கள். இருபத்தைந்து ஆண்டுகளைத் தாண்டிய ஒயரிங்கில் புதிய வெட்டும் ஒட்டும் போட்டால் அடுத்த கோளாறைத் தேடுபவருக்கு வரைபடமே உதவாது.

புதுப்பேட்டையில் ஒரு ஸ்கோடா ஸ்விட்சைக் காட்டி "எல்லாம் ஒரே குரூப்தான் அண்ணே" என்றார்கள். பாதி உண்மை. பாக்ஸ்டரின் மின்பகுதி ஆடி, ஃபோக்ஸ்வாகன் வண்டிகளுக்கும் பொதுவான பாகம்தான். எண் 4ஏ0 905 849 பி. ஆனால் அந்தக் குடும்பத்திலேயே வேறு எண்ணில், பார்வைக்கு ஒத்த வேறு ஸ்விட்சுகள் உண்டு. அவற்றின் முள் அமைப்பு இதோடு ஒட்டாது. காட்டப்பட்டதில் எண் வேறு. தவிர, தேய்மானத்தால் கெடும் பாகத்தை இன்னொரு பழைய வண்டியிலிருந்து எடுத்துப் போடுவதில் என்ன லாபம்?

முழுத் தொகுப்புக்கும் தேவை எழவில்லை. சாவி சிலிண்டரில் வழுவழுப்பாக இறங்கியது, எளிதாக வெளியே வந்தது, ஸ்டியரிங் பூட்டு சிக்கவில்லை. இம்மொபிலைசர் சாவியைப் படிப்பது சிலிண்டரைச் சுற்றியுள்ள வளையத்தில். பின்னால் இருக்கும் மின்பகுதிக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஆகவே மின்பகுதியை மட்டும் மாற்றினால் சாவியை மறுபடி பதிவு செய்யும் வேலையே இல்லை. விலையிலும் முழுத் தொகுப்புக்கு இது பக்கத்தில் கூட வராது.

பாகம் வந்துசேர 11 நாள் ஆயிற்று. அதுவரை உரிமையாளருக்குச் சொன்னவை: சாவிக்கொத்தைக் கழற்றி ஒற்றைச் சாவியோடு ஓட்டுவது, ஸ்டார்ட் ஆனதும் சாவியை விரலால் பின்னுக்குத் தள்ளுவது, அரைபடும் ஓசை நிற்காவிட்டால் உடனே அணைப்பது, மழையிலும் இருட்டிலும் வண்டியை எடுக்காமலிருப்பது. கடைசி விதிக்கு அவர் முகம் சுளித்தார். ஓடும்போது முகப்பு விளக்கு போகக்கூடிய வண்டி இது என்பதைச் சொன்னதும் ஒப்புக்கொண்டார்.

வேலை நடந்த விதம்

வேலைக்கு முன் மூன்று சின்ன விஷயங்கள். ரேடியோவின் ரகசிய எண் கையில் இருக்கிறதா என்று கேட்டார்கள். பேட்டரியைக் கழற்றினால் அது எண் கேட்கும். இரண்டு ஜன்னலையும் முழுதாக இறக்கினார்கள். கண்ணாடியைச் சுற்றிச் சட்டகம் இல்லாத இந்தக் கதவில் கைப்பிடியை இழுத்ததும் கண்ணாடி சற்றே இறங்கிக் கொடுக்கும். மின்சாரம் இல்லாதபோது இறங்காது, மூடித் திறந்தால் கூரையின் ரப்பரோடு உரசும். மூன்றாவதாக, பேட்டரியின் நெகட்டிவை 10 எம்எம் ஸ்பேனரால் கழற்றி, துணி சுற்றி ஒதுக்கி, பத்து நிமிடம் காத்திருந்தார்கள். கைபோகும் இடம் ஏர்பேக் ஒயர்களுக்கு அருகில்.

சாவித் துளை ஸ்டியரிங்குக்கு வலப்புறம், கதவுப் பக்கம். மின்பகுதி அதன் பின்னால், டேஷ்போர்டின் வயிற்றுக்குள். முதலில் டேஷ்போர்டின் ஓரக் காற்றுத் துவாரத்தையும், பிறகு அதற்குப் பின்னால் போகும் பிளாஸ்டிக் காற்றுக் குழாயையும் எடுத்தார்கள். குழாய் வெளியே வந்த பிறகுதான் ஸ்விட்ச் ஓரளவு கண்ணில் படும். குழாயை எடுக்காமலே செய்யலாம் என்பவர்களும் உண்டு. அவர்களின் மணிக்கட்டு எப்படிப்பட்டது என்று தெரியவில்லை.

வேலை செய்பவர் இருக்கையைக் கடைசிவரை பின்னுக்குத் தள்ளி, முதுகை இருக்கையில் கிடத்தி, தலையைப் பெடல்களுக்கு மேலே நுழைத்துப் படுக்க வேண்டும். இருக்கையையே கழற்றிவிடலாமா என்று யோசித்தார்கள். அதன் அடியில் ஏர்பேக் இணைப்பான் இருப்பதால், யாராவது மறந்து சாவியைப் போட்டால் எச்சரிக்கை விளக்கு எரிந்து ஸ்கேனர் வைத்து அணைக்க வேண்டிவரும் என்று விட்டுவிட்டார்கள்.

மின்பகுதியைப் பிடித்திருப்பவை இரண்டே இரண்டு தலையில்லாத் திருகுகள். தலைக்குப் பதில் ஒரு வெட்டு மட்டும். இரண்டின் மேலும் கம்பெனியில் வைத்த பெயின்ட் பொட்டு. ஒன்று கண்ணாடி வைத்துப் பார்த்தால் தெரியும். இன்னொன்று எதிர்ப்பக்கம், விரல் நுனியால் தடவித்தான் அறிய முடியும். தேவையானது 2.5 எம்எம் வாயுள்ள, கட்டைவிரல் நீளத்துக்குமேல் போகாத ஸ்க்ரூ டிரைவர். கைக்கடிகாரக் கடைகளில் விற்கும் செட் நீளம் அதிகம்.

பெயின்ட் இளக, குச்சியில் சுற்றிய பஞ்சில் அசிட்டோன் தொட்டு இரண்டு பொட்டிலும் வைத்துக் கொஞ்ச நேரம் விட்டார்கள். முதல் திருகு இரண்டு சுற்றில் இளகிவிட்டது. இந்த இடத்தில் நினைவில் வைக்க வேண்டியது: திருகை வெளியே எடுக்கவே கூடாது. அதன் முனை ஸ்விட்சின் உடலில் உள்ள குழியைவிட்டு விலகினால் போதும். முழுதாகக் கழன்றால் தரைவிரிப்புக்கு அடியில் எங்கோ போய் விழும். திரும்ப மாட்டுவது அதைவிடக் கடினம்.

இரண்டாவது திருகு ஒன்றரை மணி நேரம் எடுத்தது. வெட்டின் ஒரு பக்கம் சிதைந்திருந்தது. எப்போதோ யாரோ பெரிய ஸ்க்ரூ டிரைவரால் முயன்று கைவிட்டிருக்கிறார்கள். சாதாரணக் கருவி வழுக்கியது. கடைசியில் உடைந்த ஆக்சா பிளேடு ஒன்றை இரண்டு அங்குலத்துக்கு ஒடித்து, நுனியை கிரைண்டரில் வெட்டின் தடிமனுக்குத் தேய்த்து, தீயில் காட்டி எல் வடிவில் வளைத்தார்கள். ஒரு விரல் அதன் முதுகை அழுத்திப் பிடிக்க, இன்னொரு விரல் வாலைத் தள்ளியது. ஒரு தள்ளலுக்கு எட்டில் ஒரு சுற்று. திருப்பும் பலத்தைவிட அழுத்திப் பிடிக்கும் பலம்தான் இங்கே வேலை செய்கிறது. அழுத்தம் விட்டால் மிச்ச வெட்டும் போய்விடும், பிறகு முழுப் பூட்டையும் இறக்க வேண்டியதுதான்.

திருகுகள் விலகியதும் ஸ்விட்ச் நேரே பின்னோக்கி உருவிக்கொண்டு வந்தது. இணைப்பானைப் பிரிக்கும்போது ஒயரைப் பிடித்து இழுக்காமல், பிளாஸ்டிக் உடலைப் பிடித்து அசைத்து எடுத்தார்கள்.

நடந்த தவறு இதற்குப் பிறகு. உதவியாளர் புதிய ஸ்விட்ச் வேலை செய்கிறதா என்று பார்க்க, அதன் நடுப் பிளவில் ஸ்க்ரூ டிரைவர் விட்டு ஒரு முறை திருப்பிப் பார்த்திருந்தார். ஸ்விட்ச் ஆஃப் நிலையில் வரும். பூட்டின் பின்னால் நீளும் தகடும் சாவி ஆஃப் நிலையில் இருந்தால்தான் பிளவுக்குள் பொருந்தும். திருப்பியதை அவர் மறுபடி பழைய இடத்துக்குக் கொண்டுவரவில்லை. ஸ்விட்ச் கடைசி 3 எம்எம் உள்ளே போக மறுத்தது. படுத்திருந்தவர் பிளாஸ்டிக் பிசிறு என்று நினைத்து இரண்டு முறை அழுத்தினார். இன்னும் கொஞ்சம் அழுத்தியிருந்தால் உடல் விரிசல் விட்டிருக்கும். வெளியே எடுத்து, பழைய ஸ்விட்சைப் பக்கத்தில் வைத்து, இரண்டின் பிளவும் ஒரே கோணத்தில் இருக்கும்படி திருப்பியதும் தானாக உட்கார்ந்தது. நாற்பது நிமிடம் போயிற்று.

முதலில் இணைப்பானை மாட்டி, பிறகு ஸ்விட்சை உள்ளே தள்ளி, இரண்டு திருகையும் மாற்றி மாற்றி இறுக்கினார்கள். ஒன்றை முழுதாக இறுக்கிவிட்டு மற்றதைத் தொட்டால் ஸ்விட்ச் கோணலாக நிற்கும், சாவி கனமாகத் திரும்பும். திருகுகளின் மேல் ஒரு சொட்டு நெயில் பாலிஷ். காற்றுக் குழாயை மாட்டுமுன் பேட்டரியைத் தற்காலிகமாக இணைத்துச் சோதித்தார்கள். மொத்தம் 3 மணி 50 நிமிடம்.

பின் நடந்தவை

அதே ஐந்து மீட்டர் கம்பி, அதே ஃப்யூஸ், அதே சுமை: இழப்பு 0.08 வோல்ட். வெயிலில் மறுபடி இரண்டு மணி நேரம் நிறுத்தினார்கள். சாவி 'டக்' என்று துள்ளித் திரும்பியது. சோதனை விளக்கு சாவியை விட்ட கணமே அணைந்தது. ஜன்னல்கள் தங்கள் எல்லையை மறந்திருந்தன. முழுதாக ஏற்றி, ஏறிய பிறகும் பொத்தானை அழுத்திப் பிடித்துக் கற்பித்தார்கள். ரேடியோ எண் போடப்பட்டது.

பழைய ஸ்விட்சைப் பிளந்து பார்த்தபோது கிரீஸ் மெழுகாக இறுகியிருந்தது. தொடுமுனைகளில் இரண்டு கரியும் குழியுமாக இருந்தன. சுழலும் பிளாஸ்டிக் பகுதியின் ஓரம் தேய்ந்து ஆட்டம் கண்டிருந்தது. வெப்பத்தில் இந்த ஆட்டம் கூடிச் சிக்கிக்கொள்ள, திரும்பும் ஸ்பிரிங்கால் அதை வெல்ல முடியவில்லை என்பது பட்டறையினரின் முடிவு. காலையில் கோளாறு ஒளிந்துகொண்டதற்கு இதைவிடப் பொருத்தமான விளக்கம் அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

வடகிழக்குப் பருவமழை முடிந்து டிசம்பர் கடைசியில் வண்டி எண்ணெய் மாற்ற வந்தது. ப்ளோவரும் வைப்பரும் ஒருமுறையும் நிற்கவில்லை. உரிமையாளர் சாவிக்கொத்தை மறுபடி மாட்டவில்லை. ஒரே குறை, வண்டியின் வேகம் 80-க்குமேல் போனால் ஓரக் காற்றுத் துவாரம் கிடுகிடுக்கிறது. கழற்றும்போது ஒரு கிளிப் உடைந்ததை அன்றே சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. ஃபெல்ட் துணி ஒட்டிக் கொடுத்தார்கள், காசு வாங்கவில்லை.

அடுத்த முறை மாற்றிச் செய்யவிருப்பவை

இருக்கையைக் கழற்றிவிட்டுத்தான் தொடங்குவார்கள். ஏர்பேக் விளக்குப் பயம் மிகையானது: பேட்டரி கழன்றிருக்கும்போதே இணைப்பானைப் பிரித்து, பேட்டரியை மாட்டுமுன் சேர்த்துவிட்டால் விளக்கு எரியக் காரணமில்லை. இடையில் சோதனை செய்ய வேண்டுமானால் இருக்கையை உள்ளே தூக்கி வைத்து இணைப்பானை மட்டும் மாட்டினால் போதும். நான்கு போல்ட்டுக்குச் சோம்பல்பட்டதன் விலை எலக்ட்ரீஷியனின் கழுத்து வலி.

புதிய ஸ்விட்ச் பெட்டியிலிருந்து வந்ததும் அதன் பிளவுக்குக் குறுக்கே மார்க்கரால் ஒரு கோடு போட்டுவிடுவார்கள். யார் திருப்பினாலும் தெரியும். வளைத்த ஆக்சா பிளேடு இப்போது கருவிப்பெட்டியில், மற்ற ஸ்க்ரூ டிரைவர்களோடு, தனி உறையில் இருக்கிறது.

ப்ளோவர் நின்றதாக வரும் எந்தப் பழைய ஜெர்மன் வண்டியிலும் ப்ளோவரைத் தொடுமுன் கேட்க ஒரு கேள்வியும் பதிவேட்டில் ஏறியிருக்கிறது: "அது நின்னப்போ வைப்பர் ஓடுச்சா சார்?"